மடிக்காமல் விட்ட போர்வை

ஜூன் 9

அன்பு மகளுக்கு,

நீ கப்பலேறிய பிறகு எழுதும் முதல் கடிதம். துறைமுகத்தில் கம்பெனி ஆள் கொண்டுவந்து சேர்ப்பார் என்று சொன்னாய். எப்போது உன் கைக்கு வருமோ தெரியவில்லை. போன் வேண்டாம், கடிதமே போதும் என்று நாம் முடிவு செய்தது நல்லதுதான். கடைசியாக நீ போனில் பேசியபோது பொடியன் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "பையன் விழுந்துட்டானா சார்?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை லாரியில் கிளம்பினால் திரும்பிவர வாரக்கணக்காகிறது. மிச்ச நாளெல்லாம் வீட்டில் ஆறு வயது, நான்கு வயது, அறுபத்தாறு வயது. யார் பேச்சை யார் கேட்கிறார்கள் என்று எழுதினால் எனக்குத்தான் வெட்கம்.

நான் பத்தாம் வகுப்புக்குக் கீழே யாரையும் சமாளித்தவனில்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் வாத்தியார் வாத்தியார்தானே. உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு டைம்டேபிள் தயாரித்துச் சுவரில் மாட்டினேன். முதல் பீரியட் பல் துலக்குதல். இரண்டாவது, படுக்கையைச் சரிசெய்தல். மூன்றாவது, காலணிகளை ஒழுங்குபடுத்துதல். பீரியட் முடிந்தால் தட்டைக் கரண்டியால் அடித்து மணி.

பெரியவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "விளையாட்டு எத்தனாவது பீரியட் தாத்தா?" என்றாள்.

"அஞ்சாவது."

"அதுவரைக்கும் நாங்க என்ன செய்யறது?"

பொடியனுக்குத்தான் படிக்கவே தெரியாதே. தட்டுச் சத்தம் கேட்டால் சாப்பாடு என்று அவனாக முடிவு செய்துகொண்டான். ஒவ்வொரு மணிக்கும் ஓடிவந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறான். வெறும் தட்டைக் காட்டி அனுப்ப மனசு வரவில்லை. ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்துக் கொடுத்து டப்பா காலி.

டைம்டேபிளைக் கழற்றிவிட்டேன். நீ ஏதாவது யோசனை சொல்.

அப்பா


ஜூலை 2

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் வைத்தே படித்தேன். சிரித்த சிரிப்பில் எடுபிடிப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். முதல் பீரியட் பல் துலக்குதலா? நல்லவேளை, பரீட்சை வைக்காமல் விட்டீர்களே.

இங்கே எங்கள் சமையலறைச் சுவரிலும் ஒரு வேலைப் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. எழுத்து வேண்டாம், படம் போடுங்கள். கெட்டி அட்டையில் ஆளுக்கொரு நீளப் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம் வரைந்து, அதைத் துணிக் கிளிப்பில் ஒட்டிப் பட்டையின் இடப்பக்கம் மாட்டிவிடுங்கள். வேலை முடிந்தால் அவர்களே கிளிப்பை எடுத்து வலப்பக்கம் மாட்டட்டும். அந்த 'டக்' சத்தத்துக்காகவே செய்வார்கள். உங்கள் உயரத்தில் இல்லை, பொடியன் உயரத்தில் தொங்கவிடுங்கள். உங்களுக்கும் ஒரு பட்டை இருக்கட்டும். வேலை வாங்குகிறவருக்கு மட்டும் பட்டை இல்லையென்றால் அவர்களுக்கு உறைத்துவிடும்.

இன்னொரு விஷயம். எங்கள் தலைமைச் சமையல்காரர் ஊர் திரும்புகிறார். என் ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் நீட்டித்தால் அவர் இடம் எனக்குத் தருவதாகக் கேப்டன் சொல்கிறார். செப்டம்பருக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எத்தனை வருஷம் வெங்காயம் உரித்திருப்பேன் அப்பா. ஆனால் நான் கிளம்பும்போது வாசலில் நீங்கள் சொன்னது காதிலேயே இருக்கிறது. "புள்ளைங்க உன் முகத்தையே மறந்துடும்" என்றீர்கள். வீடு எப்படிப் போகிறது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். அதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறேன்.

மகள்


ஜூலை 19

அன்பு மகளுக்கு,

அட்டை செய்தாயிற்று. அதைப் பற்றி எழுதப் பக்கம் போதாது.

ஃபிரிட்ஜ் வந்த பெட்டி பரணில் கிடந்தது. அதை வெட்டினேன். படம் நானே வரைந்தேன். என் கை வட்டமும் முக்கோணமும் போட்டுப் பழகிய கை. காலணி வரைந்து கிளிப்பில் ஒட்டி மாட்டியதும் பொடியன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "தாத்தா, படகை எங்க கொண்டுபோய் வைக்கணும்?" என்றான். பெரியவள் என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டாள். "நீங்க வெட்டுங்க. நான் வரையறேன்." இப்போது எல்லாப் படமும் அவளுடையது. தலையணை, டம்ளர், செருப்பு, செடிக்கு ஊற்றும் குவளை, போர்வை.

என் பட்டையையும் மாட்டினேன். அதில் அவளாக ஒரு கிளிப் சேர்த்திருக்கிறாள். கண்ணாடி போட்ட ஒரு மூஞ்சி, வாய் மூடியிருக்கிறது. "இது என்ன வேலை?" என்று கேட்டேன். "கத்தாம இருக்கறது" என்றாள். இதுவரை ஒரு நாளும் அந்தக் கிளிப் வலப்பக்கம் போனதில்லை.

மூன்று பட்டைகளும் தொங்கியதும் பொடியன் விரல் வைத்து எண்ணினான். "இது அக்காவோடது. இது என்னோடது. இது தாத்தாவோடது. அம்மாவோடது எங்க?"

"அம்மா இங்க இல்லையேடா. அவளுக்கு இங்க என்ன வேலை இருக்கு?" என்றேன். சரியென்று போய்விட்டான்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேசையில் தண்ணீர் வைப்பது பொடியன் வேலை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு டம்ளர். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீரின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், ஒரு காலை வைத்து, நின்று, தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த காலை வைக்கிறான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தண்ணீர் அடங்கும், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான். மூச்சுவிட்டால் அவன் கவனம் கலைந்துவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வகுப்பறையில் நின்றிருக்கிறேன். ஒரு மாணவன் இப்படித் தன் முழு உயிரையும் ஒரு காரியத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

அப்பா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அப்பா,

டம்ளர் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே போன வாரம் கடல் மோசம். அலை எழும்பி நிற்கும்போது எதிரில் வானம் தெரியாது, சுவர் மாதிரித் தண்ணீர்தான் தெரியும். அதன் முன்னால் இவ்வளவு பெரிய கப்பல் தீப்பெட்டி. பானைகளைக் கம்பியால் கட்டி வைத்துச் சமைத்தோம். சூப் ததும்பும்போது அவனை நினைத்துக்கொண்டேன். நான்கு வயதுக் காலுக்கு வீட்டுத் தரையும் ஆடும் தரைதானே. அவன் நின்ற மாதிரியே நானும் நின்றேன். அடங்கியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

நன்றாக நடக்கிறது என்று தெரிந்து நிம்மதி. என்னைக் கேட்கிறார்களா அப்பா? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.

மகள்


ஆகஸ்ட் 24

அன்பு மகளுக்கு,

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். உன்னைக் கேட்பதே இல்லை. முதலில் தினமும் இரண்டு பேரும் "அம்மா எப்ப வருவாங்க" என்பார்கள். அட்டை வந்த பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. இதைவிட நல்ல செய்தி உனக்கு வேறென்ன வேண்டும்? நான் வாசலில் சொன்னது என் பயம். அதை நீ சுமந்துகொண்டு திரியாதே. தாராளமாகக் கையெழுத்துப் போடு. தலைமைச் சமையல் சும்மா வருகிற இடமா?

காலையில் எழுந்ததும் தலையணை தட்டுவது, பல், செருப்பு ஜோடி சேர்ப்பது எல்லாம் 'டக் டக்' என்று நடக்கிறது. பெரியவள் தம்பிக்குச் சட்டை மாட்டிவிடுகிறாள். நேற்று நான் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தபோது பொடியன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கிளிப்பைக் காட்டினான். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தான். எங்கள் தலைமை ஆசிரியர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடிக்கிறது. அந்தப் பெரிய போர்வை, நீங்கள் எல்லோரும் சேர்ந்து படுக்கும் நீலப் போர்வை. அதை மடிப்பது இரண்டு பேருக்கும் பொது வேலை. தொடவே மாட்டேன் என்கிறார்கள். மற்ற கிளிப்பெல்லாம் வலப்பக்கம் போனபிறகும் போர்வை இடப்பக்கமே நிற்கிறது. சரி, பெரிய துணி, கைக்கு அடங்கவில்லை போலிருக்கிறது என்று நானே மடித்து வைத்தேன். சமையலறைக்குப் போய்த் திரும்பினால் பிரித்துக் குவித்துப் போட்டிருக்கிறது. மறுபடி மடித்தேன். மறுபடி குவியல். யார் செய்தது என்று கேட்டால் இரண்டும் கூரையைப் பார்க்கின்றன. நான் கொஞ்சம் கத்திவிட்டேன். என் கிளிப் இன்றைக்கும் இடப்பக்கம்தான்.

சோம்பல் என்று சொல்வதற்கில்லை. மடிக்கிறதைவிடக் கலைப்பது அதிக வேலை.

அப்பா


செப்டம்பர் 10

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாள் கேப்டன் மேசையில் இருக்கிறது. அடுத்த துறைமுகத்தில் கம்பெனிக்குப் போகும்.

நான் கோபமாக எழுதவில்லை, அப்படித் தோன்றினால் மன்னியுங்கள். கிளம்பும்போது, பிள்ளைகள் என்னை மறந்துவிடுவார்கள் என்றீர்கள். இப்போது, கேட்பதே இல்லை, நல்ல செய்தி என்கிறீர்கள். இரண்டும் ஒரே செய்திதான் அப்பா. முதலில் திட்டாக வந்தது, இப்போது பாராட்டாக வந்திருக்கிறது.

இங்கே சுவரில் இருக்கும் பட்டியலில் என் பெயர் தினமும் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒரு வேளை நான் எழுந்திருக்காவிட்டால் கப்பலே பசியோடு நிற்கும். ஒருவர் தேடப்படுவது நல்லதுதானே. எங்கே தேடுகிறார்களோ அங்கே இருந்துவிட்டுப் போகிறேன்.

அட்டை சொல்லிக்கொடுத்தது நான்தான். அது இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கவில்லை.

பிள்ளைகளைத் திட்டாதீர்கள். போர்வை கிடந்தால் கிடக்கட்டும்.

மகள்


செப்டம்பர் 22

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதம் அந்தத் தாளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அதனால் தபாலில் போடாமல் கம்பெனி ஆபீசுக்கே நேரில் போய்க் கொடுக்கப் போகிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். நீ கடைசியில் எழுதிய போர்வை வரியில்தான் என் கண் நின்றது. எழுந்துபோய்ப் போர்வையை மடித்தேன். மடித்துவிட்டு, போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன். பொடியன் வந்தான். சுற்றும்முற்றும் பார்த்தான். மடிப்பு மடிப்பாகப் பிரித்தான், அவசரமே இல்லாமல். உள்ளே போனேன். இந்த முறை கத்தவில்லை. தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏண்டா கண்ணா, மடிச்சதைக் கலைக்கறே?"

பெரியவள் ஓடிவந்தாள். "சொல்லாதேடா."

அவன் சொல்லிவிட்டான். "அது அம்மாவோடது."

"போர்வையா? அது நம்ம எல்லாருக்கும்தானேடா."

"போர்வை எல்லாருக்கும். மடிக்கறது அம்மாவுக்கு."

எனக்குப் புரியவில்லை. பெரியவளைப் பார்த்தேன். அவள் என்னிடம், மக்குப் பையனுக்குக் கணக்கு விளக்குவது போல நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "நீங்கதானே தாத்தா சொன்னீங்க, அம்மாவுக்கு இங்க வேலை இல்லைன்னு. வேலை எல்லாத்தையும் நாமளே செஞ்சுட்டா அம்மா எதுக்கு வருவாங்க? அதான் ஒண்ணு எடுத்து வெச்சோம். நீங்க தினம் மடிச்சு மடிச்சுத் தீர்த்துடறீங்க."

"அப்ப அம்மா எப்ப வருவாங்கன்னு ஏன் கேக்கறதில்லை?"

"கேட்டா இவன் அழுவான். வேலை எடுத்து வெச்சா அழமாட்டான்."

மகளே, நான் கணக்கு வாத்தியார். எனக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றுதான். நூற்றைந்து என்று எழுதுகிறோம். நடுவில் ஒரு பூஜ்யம். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஒன்றும் இல்லைதானே என்று அதை அழித்துப் பார். நூற்றைந்து பதினைந்தாகிவிடும். முன்னால் இருக்கிற ஒன்று நூறாக நிற்பதே அந்த வெற்றிடத்தால்தான். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் இதை யாராவது போட முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பென்சிலை நேராகப் பிடிக்கத் தெரியாத பொடியன் போட்டிருக்கிறான். நானோ தினமும் காலையில் கடமை உணர்ச்சியோடு அதை அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் கோயிலில்கூடப் பேச்சு மூச்சில்லாமல் நின்றவனில்லை. அந்தக் குவியல் போர்வைக்கு முன்னால் நின்றேன்.

உன்னை இழுப்பதற்காக இதை எழுதவில்லை. அவர்களும் எழுதச் சொல்லவில்லை. கேட்பதே இல்லை என்று நான் கொடுத்தது தப்பான எண். அதை வைத்து நீ கணக்குப் போட்டுவிட்டாய். சரியான எண்ணை அனுப்பியிருக்கிறேன். விடை உன்னுடையது. ஆசைப்பட்ட வேலையைச் செய்தாலும் தப்பில்லை. நீ எத்தனை நாள் கழித்து வந்தாலும் போர்வை இங்கே கிடக்கும். நான் தொடமாட்டேன்.

அப்பா


அக்டோபர் 7

அன்புள்ள அப்பா,

தாளைத் திருப்பி வாங்கிவிட்டேன். கேப்டன் ஏற்கெனவே உறையில் போட்டு ஒட்டியிருந்தார். "வீட்ல ஏதாவது அவசரமா?" என்று கேட்டார்.

"போர்வை மடிக்கணும் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "போர்வையா?"

"பெரிய போர்வை சார்."

நான் அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்து, இதற்கு மேல் கேட்பது ஆபத்து என்று நினைத்தாரோ என்னவோ, உறையைக் கிழித்துத் தாளைக் கொடுத்தார். தலைமைச் சமையல் வேறொருவருக்குப் போகிறது. சில மாதம் கழித்து வேறு கப்பலில் இடம் வரலாம், வராமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அது வலிக்காமல் இல்லை அப்பா. நேற்றுப் புது ஆள் அந்தப் பெரிய கரண்டியைக் கையில் எடுத்தபோது மேல்தளத்துக்குப் போய்விட்டேன். கடல் அன்றைக்கு அசையாமல் கிடந்தது. அடிவானம்வரை ஒரு சுருக்கம் இல்லை. இத்தனை மாதத்தில் அதை நான் அப்படிப் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிய இடத்தில் எனக்கென்று ஒரு துணியளவு இடத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் இடது வலது சரியாகத் தெரியாது.

என்னைத் தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தேடவில்லை. நான் வருவேன் என்று வைத்துக்கொண்டு, அதற்கான ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள்.

டிசம்பர் முதல் வாரம் வந்துவிடுவேன். போர்வையை மடிக்காவிட்டாலும் துவைக்கவாவது செய்யுங்கள்.

மகள்


அக்டோபர் 25

அன்பு மகளுக்கு,

நீ வருவதைச் சொன்னேன். பெரியவள் உடனே அட்டைப் பெட்டியில் மிச்சமிருந்ததை எடுத்து உனக்கு ஒரு பட்டை வெட்டினாள். எங்கள் மூன்று பேருடையதைவிட நீளம். போர்வைக் கிளிப்பை அதில் மாட்டினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். இல்லை.

மறுநாள் செருப்புக் கிளிப்பும் உன் பட்டையில் இருந்தது. "அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணுதானா? பாவம்" என்றான் பொடியன். அடுத்து தலையணை போனது. பிறகு என் பட்டையிலிருந்து செடி. நான் சும்மா இருப்பேனா, "அப்ப காய்கறி நறுக்கறதையும் அவளுக்கே குடுத்துடுங்க" என்றேன். அதையும் மாட்டிவிட்டார்கள். இப்போது எங்கள் மூன்று பட்டையும் மொட்டையாகத் தொங்குகின்றன. உன்னுடையதில் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளிப். உனக்கென்று எடுத்து வைத்த வேலையை வேறு யாரும் செய்யக் கூடாதாம். வாசலில் செருப்புக் குவியலைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. செடி வாடுகிறது. போன வாரம் மாப்பிள்ளை வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, திருட்டு ஏதாவது நடந்துச்சா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். தன் சாப்பாட்டு டப்பாவையும் கழுவாமல் உன் பட்டைக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செடிக்கு மட்டும் அவர்கள் பள்ளிக்குப் போன பிறகு ரகசியமாகத் தண்ணீர் ஊற்றுகிறேன். உயிர் ஆயிற்றே.

இன்று காலை பொடியனைப் பள்ளியில் விடப் போனேன். சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தது. குளிர்காற்று வேறு. வாசலில் அவன் டீச்சர் குனிந்து பட்டனைப் போடப் போனார். அவன் இரண்டு கையாலும் கழுத்துப் பட்டியைப் பொத்திக்கொண்டான்.

"குளிருமேடா செல்லம்" என்றார் டீச்சர்.

"பரவால்ல டீச்சர். இது அம்மா போடுவாங்க."

"அம்மா எப்ப வருவாங்க?"

"வந்துட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, கையை எடுக்காமலே வகுப்புக்குள் போனான்.

நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் எல்லோரும் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார்கள்.

அப்பா